காற்றுத் துவக்கும் அதன் காற்றுக் கலனும்: சட்டத்தின் கண்ணிற்படாத வெடிப்பு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது, வன்னிப் பகுதியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர், சாக்கிற் சுற்றிக் கயிற்றாற் கட்டிய நீண்ட பொருளொன்றுடன் எமது அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். வயதில் எமக்கு மூத்தவர், நெடுநாளைய நண்பர். காணி உறுதிகளையே அவ்வாறு சுற்றிக்கொண்டு வந்திருக்கின்றார் என்று எண்ணினோம். அவிழ்த்து மேசைமேல் வைத்தபொழுதுதான் அஃது ஒரு காற்றுத் துவக்கு என்று கண்டோம். வெளிநாட்டிலிருந்து வந்து சில காலம் ஊரில் தங்கிய ஒருவரிடம் விலைக்கு வாங்கினாராம். தென்னையையும் வாழையையும் பாழாக்கும் குரங்குகளை வெருட்டுவதற்கென்று வாங்கிய துவக்கு. "தம்பி, இதிலை காத்து நிக்குதில்லை. பம் அடிச்சு வைச்சால் விடியிறதுக்கிடையிலை இறங்கிப்போகுது. வித்தவரிட்டைக் காசைத் திருப்பி எடுக்க வழியிருக்கோ, சொல்லுங்கோ" என்று கேட்டார்.

உத்தரவுப் பத்திரம் பற்றி நாம் முதலிற் கேட்ட கேள்வியும் அதற்கு அவர் அளித்த மறுமொழியும் இக்கட்டுரைக்கு வேண்டியவை அல்ல. துவக்கின் குழலின் கீழே பூட்டப்பட்டிருந்த காற்றுச் சிலிண்டரை மேசை விளக்கின் ஒளியில் திருப்பிப் பார்த்தோம். திருகாணிப் பூட்டுக்குச் சற்று மேலே, கழுத்துத் தோள்பட்டையுடன் சேருமிடத்தில், தலைமயிரினும் மெல்லிய கோடொன்று ஓடியிருந்தது. மேற்பூச்சில் விழுந்த கீறல் என்று அவர் நினைத்திருந்தார். நகத்தால் வருடிப் பார்த்தோம், நகம் தடுக்கிற்று. அந்தச் சிலிண்டரை இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வாரம் இருமுறை கைப்பம்பினாற் காற்றேற்றி வந்திருக்கின்றார் எமது நண்பர். பம்பை அழுத்திப் பிடித்துக்கொள்வது பத்து வயதுப் பேரன்.

காசைத் திருப்பி எடுப்பது பற்றிய கேள்விக்கு மறுமொழி பின்னர் கூறுவோம். அதற்கு முன், அந்தக் கோட்டின் பொருள் யாதென்பதை வாசகர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். இத்தகைய துவக்குகள் இன்று எமது பகுதிகளிலும் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. அவற்றுக்குக் காற்றேற்றும் பெரிய சிலிண்டர்களோ, சங்கும் கடலட்டையும் எடுக்க முழுகும் எம்மவரின் முதுகில் மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணக் கடலிலும் பல ஆண்டுகளாக ஏறியிருக்கின்றன.

சுருளியின் விசையால் இயங்கும் பழைய காற்றுத் துவக்கை எம்மிற் பலர் சிறுபராயத்தில் அறிந்திருப்போம். குழலை மடித்து விசையை ஏற்றினால் ஒரு குண்டு சுடலாம். அத்தோடு அதன் வலு தீர்ந்தது. சுடாத வேளையில் அதனுள் அமுக்கம் எதுவும் இல்லை. இப்பொழுது பேசப்படும் துவக்கு அவ்வகையினது அன்று. முன்கூட்டியே அமுக்கிய காற்றைத் தன்னுள்ளே அடக்கி வைத்துக்கொண்டு, விசையை இழுக்குந்தோறும் சிறிது சிறிதாக விடுவது அது. அதன் சிலிண்டரிலே 200 பார் அமுக்கத்திற் காற்று நிற்கின்றது. காபன் நாரினாற் செய்த புதியவற்றில் 300 பார் வரையும் செல்கின்றது. 200 பார் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2,900 இறாத்தல். மோட்டார் வண்டியின் றயரில் இருப்பது சுமார் 30 இறாத்தல் என்பதை நினைவிற் கொண்டால், நாம் எதனைப் பற்றிப் பேசுகின்றோம் என்பது விளங்கும்.

கணக்கை இன்னும் ஒரு படி எடுத்துச் செல்வோம். போட்டிக்குரிய காற்றுத் துவக்கின் சிறு ஈயக்குண்டு, குழல்வாயை விட்டு வெளியேறும்பொழுது சுமக்கும் சக்தி சுமார் 7.5 யூல். அதே துவக்கின் சிலிண்டர், ஒரு லீற்றரில் ஐந்திலொரு பங்கு கொள்ளளவே உடையதாயினும், 200 பாரில் நிரம்பியிருக்கும்போது திடீரெனப் பிளந்தால் வெளிவிடக்கூடிய சக்தி ஏறக்குறைய 8,000 யூல். குண்டின் சக்தியைப்போல் ஆயிரம் மடங்கு. பழைய .303 இராணுவத் துவக்கின் குண்டுகள் இரண்டு சேர்ந்தாலும் அவ்வளவு இராது. இது சிறு சிலிண்டரின் கதை. முழுகுவோர் முதுகிற் சுமக்கும் 11 லீற்றர்ச் சிலிண்டர் அதே அமுக்கத்தில் வெடிப்பின், வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 100 கிராம் டி.என்.ரி. வெடிமருந்தின் சக்திக்கு ஈடாகும். மூச்சுவிடும் காற்றுத்தானே என்று நாம் அலட்சியமாகக் கூறுவது இதனைத்தான்.

இந்த அலட்சியம் இன்று நேற்றுத் தோன்றியது அன்று. 1780 ஆம் ஆண்டளவில் திரோல் நாட்டைச் சேர்ந்த பார்த்தலோமேயஸ் ஜிரண்டோனி என்னும் துவக்குத் தொழிலாளர், குண்டுகள் இருபதை ஒன்றன்பின் ஒன்றாகச் சுடவல்ல காற்றுத் துவக்கொன்றை ஆக்கினார். ஒஸ்திரியப் படை அதனைக் கைக்கொண்டது. துவக்கின் பிடங்கே காற்றுக் கலனாக அமைந்தது. இரும்புத் தகட்டை வளைத்துப் பொருத்திச் செய்த கலன். அதனை நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்பு அடித்தல் வேண்டும். அந்நாளைய கைவினைக்கு அத்தகைய கலனை ஒழுக்கும் பிளவும் இன்றிச் செய்து முடிப்பதே பெரும் பாடு. அத்துவக்கு 1815 அளவிற் படையின் வழக்கொழிந்ததற்குக் கூறப்படும் காரணங்களுள் கலனின் மென்மையும் ஒன்று. வட அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட மெரிவெதர் லூவிஸ் தம்முடன் கொண்டு சென்றதும் இவ்வினத் துவக்கே என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுவர். 1803 ஓகஸ்ட் 30 ஆந் திகதி, பயணம் தொடங்கிய அன்றே, பிற்ஸ்பேர்க்குக்கு அண்மையிலுள்ள ஒரு தீவில் அதனை வாங்கிப் பார்த்த ஒருவரின் கையில் அது தவறுதலாக வெடித்து, சற்றுத் தொலைவில் நின்ற ஒரு பெண்மணியின் நெற்றிப் பொட்டைக் குண்டு உராய்ந்து சென்றது. இறந்துவிட்டாள் என்றே எல்லோரும் அஞ்சினர். நற்காலமாகக் காயம் சிறிது. லூவிஸ் தமது நாட்குறிப்பில் இதனை எழுதிவைத்தார். குழல்வாயிலிருந்து வருவதைத்தான் உலகம் எழுதி வைக்கின்றது.

சட்டமும் அப்படியே. பிரித்தானியச் சட்டம், காற்றுத் துவக்கின் குண்டு 12 அடி இறாத்தலுக்கு மேற்பட்ட சக்தியுடன் வெளியேறினால் அதற்கு விசேட அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்கின்றது. கைத்துப்பாக்கியாயின் 6 அடி இறாத்தல். ஜேர்மனியில் 7.5 யூல் என்பது எல்லை. அதற்கு உட்பட்ட துவக்கில் ஐங்கோணத்துள் ஓர் எழுத்தைப் பொறித்து விடுகின்றனர். வாயிலிருந்து வெளிவருவதைப் பின்னமும் பிசகாமல் அளக்கும் சட்டம், வயிற்றில் அடைபட்டிருப்பதை அளப்பதில்லை. துவக்குச் சட்டத்தை விட்டு அமுக்கக் கலன்கள் பற்றிய சட்டத்திடம் சென்றாலோ அங்கும் கதவு பாதி மூடியே இருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டு அமுக்க உபகரண நெறிமுறை, காற்றடைக்கும் கலன் ஒரு லீற்றருக்கு மேற்படாத கொள்ளளவும் 1000 பாருக்கு மேற்படாத அமுக்கமும் உடையதாயின், அதனை நல்ல பொறியியல் வழக்கின்படி செய்தால் போதும் என்று விட்டுவிடுகின்றது. அந்நெறிமுறையின் இலச்சினையை அதிற் பொறிக்கவும் இடமில்லை. சிறிய கலன், ஆகையாற் சிறிய ஆபத்து என்பது அதன் தருக்கம். பொதுவாகப் பார்த்தால் அத்தருக்கம் பிழையன்று. ஆயினும் தொழிற்சாலையின் மூலையிற் கிடக்கும் சிறிய கலனும், சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்திலே, இடது கையால் ஏந்திப் பிடிக்கப்படும் சிறிய கலனும் ஒன்றாகுமா?

சட்டம் விட்ட இடத்தை விளையாட்டுச் சங்கம் ஓரளவு நிரப்பியிருக்கின்றது. சர்வதேசக் குறிசுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகளின்படி, காற்றுச் சிலிண்டர் அதனைச் செய்தவர் குறித்த செல்லுபடிக் காலத்துக்குள், ஆகக் கூடியது பத்து ஆண்டுகளுக்குள், இருத்தல் வேண்டும். அதனைக் கவனிக்கும் பொறுப்போ சுடுபவருடையது. சட்டம் பயின்றவர்களுக்கு இவ்வாசகம் ஒரு சிறு புன்முறுவலை வரவழைக்கும். பொருளைச் செய்தவன் திகதியைப் பொறித்துவிட்டான். சங்கம் விதியை எழுதிவிட்டது. இனி வெடித்தாற் பொறுப்பு வைத்திருந்தவனுடையது. ஒலிம்பிக் வீரருக்கு இது பொருந்தலாம். அவருக்குப் பயிற்றுநரும் உபகரணப் பரிசோதகரும் உண்டு. பத்தாண்டு கழிந்த அதே சிலிண்டர் ஐரோப்பாவிற் பெறுமதியற்றதாகி, அரைவிலைக்கும் கால்விலைக்கும் கைமாறி, கடல் கடந்து ஒரு கமக்காரரின் கையை அடையும்பொழுது அந்த விதி எங்கே நிற்கின்றது? பொறித்த திகதியைப் பார்க்கவேண்டும் என்றே எமது நண்பருக்கு எவரும் சொல்லவில்லை. நாம் பார்த்தோம். பதினாறு ஆண்டுகளுக்கு முந்திய திகதி.

இனி உலோகத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும்; வழக்கின் உயிர்நிலை அங்குதான் இருக்கின்றது.

இரும்பு துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவோம். அலுமினியம் அவ்வாறு துருப்பிடிப்பதில்லையாதலின், அதனை அழிவில்லாப் பொருளென்று பலரும் நம்பிவிட்டனர். 1970 களின் தொடக்கத்திலிருந்து 1980 களின் இறுதிவரை, அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் மூச்சுக்காற்றுச் சிலிண்டர்கள் பெருந்தொகையாக 6351 என்னும் இலக்கமுடைய அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டன. முழுகுவோர், தீயணைப்போர், நோயாளருக்கு ஒட்சிசன் அளிப்போர் ஆகிய எல்லோரும் அவற்றைப் பாவித்தனர். ஆண்டுகள் சில கழிந்தபின் அவற்றுட் சிலவற்றின் கழுத்திலும் தோளிலும் உட்புறமாக வெடிப்புகள் தோன்றின. அடியோ இடியோ படாமல், காற்றை ஏற்றி இறக்கும் களைப்பும் பெரிதும் இல்லாமல், அமுக்கத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்த நிலையிலேயே அவ்வெடிப்பு மெல்ல மெல்ல வளர்ந்தது. நிலைத்த சுமையால் வளரும் வெடிப்பு என்று உலோகவியலார் இதனைக் கூறுவர். உலோகத்தில் அற்பசொற்பமாகக் கலந்திருந்த ஈயம் இதனைத் தூண்டியதாகவும் கண்டனர். செய்வோர் 1980 களின் இறுதியில் வேறு கலப்புலோகத்துக்கு மாறினர். ஆனால் முன்னர் விற்றவை விற்றவைதாமே! அவை வீடுகளிலும் கடைகளிலும் படகுகளிலும் பத்திரமாக இருந்தன. அவற்றுட் சில வெடித்தன. விரல்களையும் அவயவங்களையும் இழந்தவர்கள் உளர். ஈற்றில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2006 இல் ஒரு விதியை வெளியிட்டது. 6351 கலப்புலோகத்தாலான இத்தகைய சிலிண்டர்களை ஐந்தாண்டுக்கொரு முறை மீளச் சோதிக்கும்பொழுது, வழமையான சோதனையுடன், கழுத்தின் புரிகளைச் சுழிப்போட்டக் கருவியாலும் சோதித்தல் வேண்டும் என்பது அவ்விதி. செய்வதை நிறுத்தி ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்த விதி பிறந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

அவ்வாறு வெடித்தவற்றுட் பெரும்பாலானவை காற்று நிரப்பும் வேளையிலேயே வெடித்தன. எமது மனத்தை மிகவும் உறுத்துவது இதுவே. சிலிண்டரின் சொந்தக்காரர் கடையின் வாயிலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார். நிரப்புங் குழாயைப் பூட்டி, வாயிலைத் திறந்து, அருகில் நிற்பவன் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன். ஒருவருடைய அசட்டை இன்னொருவருடைய கையைத் துண்டிக்கின்றது. எமது கரையோரத்தில் முழுகுவோருக்குச் சிலிண்டர் நிரப்பும் இடங்களை நாம் பார்த்திருக்கின்றோம். ஓலைக் கொட்டிலினுள்ளே இயந்திரம் இரைந்துகொண்டிருக்க, சிலிண்டர்கள் வரிசையாய் நிற்க, சிறுவர்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து விளையாடுவதையும் கண்டிருக்கின்றோம். காற்றுத் துவக்கின் சிறு சிலிண்டருக்குக் காற்று வாங்க வருவோரும் அத்தகைய இடத்துக்கே வருகின்றனர். அங்கு நிற்கும் சிலிண்டரின் தோளில் எந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றது என்று கேட்போர் எத்தனை பேர்?

பத்தாண்டு எல்லையெல்லாம் புதுச் சிலிண்டர் விற்பதற்காகச் செய்தவன் கட்டிய கதை என்று கூறும் நண்பர்களும் எமக்கு உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. உருக்கினாற் செய்த முழுகுச் சிலிண்டர், காலந்தோறும் நீரமுக்கச் சோதனைக்கு உட்பட்டு உட்புறம் துருவேறாமல் இருப்பின், பல தசாப்தங்கள் உழைக்கும். பத்தாவது ஆண்டின் கடைசி இரவில் அலுமினியம் திடீரென்று பலமிழந்து போவதும் இல்லை. ஆனால் அந்தச் சோதனையைத் துவக்கின் சிறு சிலிண்டருக்குச் செய்வது யார்? அதன் வாய் விரல் நுழையாத வாய். உட்புறத்தைப் பார்ப்பதே அரிது. சோதனைக்கு ஆகும் செலவு புதியதொன்றின் விலையை எட்டிவிடும். சோதனை இல்லாத இடத்தில் திகதி ஒன்றே காவல். அந்தக் காவலையும் எள்ளி நகையாடுவோமாயின் எஞ்சியிருப்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

எமது நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் என்ன கூறுகின்றது? துவக்கை யார் வைத்திருக்கலாம் என்பது பற்றி 1916 ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் உண்டு. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கொதிகலன்களையும் காற்றுக் கொள்கலன்களையும் தகுதி வாய்ந்தோர் காலந்தோறும் பரிசோதித்தல் வேண்டும் என்கின்றது. ஆனால் அது தொழிற்சாலைக்குரிய சட்டம்; கடற்கரைக் கொட்டிலின் வாசலிலோ கமக்காரர் வீட்டு விறாந்தையிலோ அதன் பரிசோதகர் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவோ, பொருள்களுக்குச் சுட்டுத்துண்டு இடுதல், பொதி செய்தல், விற்பனை ஆகியன பற்றி உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு அளித்திருக்கின்றது. அதிகாரம் இருக்கின்றது. புதிய சட்டம் இயற்றப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை. அமுக்கக் காற்றுச் சிலிண்டர் எதுவாயினும், செய்த திகதியும் கழிக்கவேண்டிய திகதியும் சோதித்த திகதியும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படாமல் விற்கக் கூடாது. திகதி கழிந்ததை இறக்குமதி செய்யவோ நிரப்பவோ கூடாது என்று ஒரு பணிப்புரை விடுக்க எத்தனை நாட்கள் வேண்டும்? எமது நண்பரின் சிலிண்டரில் எச்சரிக்கை எழுதப்பட்டுத்தான் இருந்தது, ஜேர்மன் மொழியில். உயிரைக் காக்கும் வாசகம் உயிருக்குரியவனுக்கு விளங்காத மொழியில் இருந்தாற் போதும் என்பது எந்த ஊர் நீதி?

குரங்குத் தொல்லை பற்றி அரசாங்கம் அறியாததன்று. 2025 மார்ச் 15 ஆந் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடநேரம் நாடெங்கும் குரங்குகளையும் மயில்களையும் மர அணில்களையும் எண்ணும்படி மக்களைக் கேட்டுக்கொண்டதும் அரசாங்கமே. எண்ணியபின் கமக்காரனின் விளைச்சலைக் காக்கும் வழியைக் காட்டாவிடின், அவன் தனக்குக் கிடைத்த வழியைத் தேடிக்கொள்கின்றான். அந்த வழி சாக்கிற் சுற்றிய பழைய துவக்காகவும் இருக்கலாம்.

இனி, காசைத் திருப்பிப் பெறும் கேள்வி. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, அத்தகைய பொருளில் வணிகம் செய்பவனிடம் வாங்கினால், பொருள் விற்பனைக்கு ஏற்ற தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை மறைபொருளாக உண்டு. எமது நண்பருக்கு விற்றவரோ வணிகர் அல்லர், விடுமுறைக்கு வந்தவர், திரும்பியும் போய்விட்டார். வெடிப்பு இருப்பதை அறிந்தே மறைத்தார் என்று நிறுவினால் உரோமன் டச்சுச் சட்டத்தில் வழியுண்டு. நிறுவுவது எங்ஙனம்? செய்தவனைத் தொடரலாமா என்றும் கேட்டார். பொருளைச் செய்தவன் அதனை ஈற்றிற் பாவிப்பவனுக்குக் கடமைப்பட்டவன் என்பது, 1932 இல் ஸ்கொத்லாந்துப் பெண்மணியொருவரின் பானப் போத்தலில் நத்தை கிடந்ததாகக் கூறப்பட்ட வழக்கிலிருந்து சட்ட மாணவர் அனைவரும் அறிந்த நெறி. ஆனால் பத்தாண்டிற் கழிக்கவேண்டும் என்று பொறித்து விற்ற ஒருவன் பதினாறாம் ஆண்டிற் பொறுப்பாளியாவானா? ஐரோப்பாவில் 1985 ஆம் ஆண்டின் நெறிமுறை, பழுதுள்ள பொருள் பற்றிய உரிமை, பொருள் சந்தைக்கு வந்து பத்தாண்டில் அற்றுப்போகும் என்றது. அதனிடத்துக்கு வந்த 2024 ஆம் ஆண்டின் நெறிமுறையும் பத்தாண்டையே பொதுவெல்லையாக வைத்து, உடலிற் பட்ட தீங்கு மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் வழக்குகளுக்கு மட்டும் இருபத்தைந்து ஆண்டு என நீட்டியிருக்கின்றது. உடலில் மறைந்திருக்கும் நோய்க்கு அச்சலுகை உண்டு. உலோகத்தில் மறைந்திருந்து வளரும் வெடிப்புக்கு இல்லை. ஆகவே, "அண்ணை, காசு போனதுதான். கை போகேல்லை எண்டு நினையுங்கோ" என்றோம். அவருக்கு அது திருப்தியான மறுமொழியாக இருக்கவில்லை.

காற்று இறங்குகின்றதே என்றுதான் அவர் வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒழுக்கு அவருக்கு ஒரு தொல்லை. உண்மையில் அஃது ஓர் எச்சரிக்கை. சில சிலிண்டர்கள் இவ்வாறு முதலிலே கசிந்து காட்டும், சில காட்டமாட்டா. கசிந்தால் நாடாவைச் சுற்றி இறுக்கி மீண்டும் பம்பு அடிப்பது எம்மவரின் கைவந்த கலை. சைக்கிளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அது சரி. கழுத்திலோ தோளிலோ கோடு கண்ட சிலிண்டரை மீண்டும் ஒருபோதும் நிரப்புதல் கூடாது. காய்ச்சி ஒட்டுவிப்பது அதனிலும் கேடு. சூட்டினாற் பலமேற்றப்பட்ட அலுமினியம் மீண்டும் மிகுந்த சூடு கண்டாற் பலமிழக்கும். 177 பாகை சதம அளவைக்கு மேற்பட்ட வெப்பம் பட்ட அலுமினியச் சிலிண்டரைக் கழித்துவிடுவதே அமெரிக்காவில் நடைமுறை. அழகுக்காக வர்ணம் பூசிச் சூளையில் வைத்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். எண்ணெய் தடவிய உறுப்புகளுள்ள துவக்கில் காற்றுக்குப் பதிலாக ஒட்சிசனை நிரப்புவோர் கழுத்தில் வெடிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒட்சிசனும் எண்ணெயும் அமுக்கத்திற் சேர்ந்தால் தீயே மூளும். காய்ச்சி ஒட்டும் பட்டறையில் ஒட்சிசன் இலேசாகக் கிடைக்கின்றது என்பதற்காகச் சிலர் இவ்வாறு செய்வதாகக் கேள்விப்பட்டே இதனை எழுதுகின்றோம்.

இனமும் நிலமும் மொழியும் பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் துவக்குச் சிலிண்டரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக் கூடும். உரிமை பேசும் மக்களுக்குக் கையும் கண்ணும் வேண்டும். கொட்டிலில் நிரப்பும் பையனும் விறாந்தையிற் பம்பு பிடிக்கும் பேரனும் அம்மக்களே. கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் தத்தம் கூட்டங்களில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசி, பாவனையாளர் அதிகாரசபைக்கு எழுத்தில் விண்ணப்பம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம். விண்ணப்பத்தை வரைந்து கொடுக்க எம்போன்ற சட்டத்தரணிகள் ஊதியமின்றி முன்வரல் வேண்டும். நாம் ஒன்றை வரைந்து வைத்திருக்கின்றோம். அதுவரை, சிலிண்டர் நிரப்பும் ஒவ்வோர் இடத்திலும், தோளிற் பொறித்த திகதியை வாசிக்காமல் குழாயைப் பூட்டுவதில்லை என்று வேலை செய்பவரே உறுதி பூணலாம். முதலாளி கோபிப்பாராயின் இப்பத்திரிகையைக் காட்டலாம்.

எமது நண்பர் அன்று சிலிண்டரை எம்மிடமே விட்டுச் சென்றார். அமுக்கமானி பூச்சியத்திற் கிடந்தது. ஆயினும் வாயிலைத் திறந்து, உள்ளே காற்று எதுவும் எஞ்சவில்லை என்பதை நிச்சயப்படுத்திய பின்னரே நகரத்திலுள்ள ஓர் இரும்புப் பட்டறையிற் கொடுத்து நெடுக்கே இரண்டாக அறுப்பித்தோம். வெளியில் மயிர்க்கோடாகத் தெரிந்தது உட்புறத்தில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கறுத்து ஓடியிருந்தது. அறுத்த பட்டறைக்காரர் அதனைக் கையிற் பிடித்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமது பட்டறையின் பின்புறம் கிடந்த இரண்டு பழைய சிலிண்டர்களை எடுத்துவந்து, அவற்றின் திகதியை வாசித்துச் சொல்லும்படி எம்மைக் கேட்டார்.